கணக்கியலில் வரும் 'அட்டுறு' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? எங்கிருந்து வந்தது?

பணம் கைமாறும் முன்பே சேர்ந்துவிட்ட வருமானத்தையோ செலவையோ ஆங்கிலத்தில் 'அக்ரூவல்' என்பார்கள். அதற்கு இலங்கைக் கணக்கியல் நூல்கள் வைத்திருக்கும் சொல்தான் 'அட்டுறு'. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதே இடத்தில் 'கூடியுள்ள வருமானம்', 'கொடுபட வேண்டிய செலவு' என்று சற்று நீட்டிச் சொல்லும்.

பிரித்தால் அட்டு + உறு. அட்டுதல் என்றால் ஊற்றுதல், சேர்த்தல். கல்வெட்டுகளில் 'நீரட்டிக் கொடுத்த' என்று தானங்களைக் குறிப்பார்கள், அந்த அட்டுதல்தான். உறு என்பது அடைதல். ஆக, சொட்டுச் சொட்டாக வந்து சேருவது. எனக்கு இது அழகான சொல்லாகவே படுகிறது, கேட்டதும் புரியாது என்றாலும்.

ஆங்கிலச் சொல்லின் வேரும் வளர்ச்சிதான். லத்தீனில் 'க்ரெஸ்கெரே' என்றால் வளர்தல். அது பழைய பிரெஞ்சு வழியாக 'அக்ரூ' ஆனது. கப்பல் ஆட்களைக் குறிக்கும் 'க்ரூ'வும் இதே குடும்பம்தான், முதலில் அதற்குக் கூடுதல் படை என்று பொருள்.

சரி, கணக்கில் இது எப்படி? கடனுக்கான வட்டி ஒவ்வொரு நாளும் ஏறுகிறது, கட்டுவதோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இடையில் மார்ச் 31 அன்று கணக்கை முடிக்கிறீர்கள். பணம் கைமாறவில்லை, ஆனால் அன்றுவரை ஏறிய வட்டி உங்கள் செலவுதான். அதைச் செலவில் எழுதி, எதிர்ப்பக்கம் பொறுப்பாக, அதாவது இன்னும் கொடுக்க வேண்டிய தொகையாக, காட்ட வேண்டும். அதுவே அட்டுறு செலவு. கடன் கொடுத்தவர் ஏட்டில் அதே தொகை அட்டுறு வருமானமாக இருக்கும்.