சிட்னி துறைமுகத்தின் மேல் அப்பா அம்மாவோடு: அனுமதி கிடைக்காத நாளுக்கு முதலில் திட்டம் போடுங்கள்

கேள்வி: சிட்னியின் மேற்குப் புறநகரில் இருக்கிறேன். பேங்க்ஸ்டவுனில் பயிற்சி பெற்று, நான்கு மாதங்களுக்கு முன் தனியார் விமானி உரிமம் வாங்கினேன். ஓட்டுவது செஸ்னா 172. மொத்தம் 78 மணி நேரம் பறந்திருக்கிறேன். ஜூலையில் திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அவர்களையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஹார்பர் பாலம், ஆபரா ஹவுஸ், பாண்டை கடற்கரை எல்லாவற்றையும் ஒரே தடவையில் காட்ட ஆசை. ஹார்பர் சீனிக் ஒன், விக்டர் ஒன் என்ற இரண்டு பறப்புப் பாதைகளையும் சேர்த்துப் போடலாமா? எப்படித் திட்டமிடுவது?

பதில்: சேர்த்துப் போடலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் முதல் தடவையில் வேண்டாம். துறைமுகத்தை மட்டும் காட்டுங்கள். விக்டர் ஒன்னை ஒரு பயிற்றுநரோடு தனியாக ஒரு நாள் பறந்து பழகுங்கள். நான் ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும்.

இரண்டும் வேறு வேறு வகைப் பறப்பு. ஹார்பர் சீனிக் ஒன் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள், 1,500 அடியில், ரேடார் கட்டுப்பாட்டாளரின் அனுமதியோடு போவது. விக்டர் ஒன் வடக்கே லாங் ரீஃபிலிருந்து தெற்கே ஜிப்பன் முனை வரை கடலோரமாகப் போகும் பாதை. அதற்கு அனுமதி வேண்டாம். ஆனால் சிட்னியின் பெரிய விமான நிலையமான கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தில் ஏறி இறங்கும் பெரிய ஜெட்டுகளுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், பாதையின் தெற்குப் பகுதியில் கட்டுப்பாட்டு வான்வெளியின் அடித்தளம் 500 அடிக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேலே ஏறக் கூடாது. தாழப் பறப்பதற்கான பொது விதி 500 அடிக்குக் கீழே இறங்கவும் விடாது. நூல் பிடித்த மாதிரி 500 அடியில், கடலின் மேல், ஒற்றை எஞ்சினோடு போக வேண்டும்.

இப்போது அந்தக் கணக்கு. எஞ்சின் நின்றால் செஸ்னா 172 ஒரு அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 அடி முன்னே சறுக்கும். 1,500 அடியிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் கிடைக்கும், கையில் இரண்டு நிமிடம் இருக்கும். 500 அடியிலிருந்து கிடைப்பது 1.4 கிலோமீட்டர், நேரம் முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. இதுவும் காற்றே இல்லாத நாளில், எஞ்சின் நின்ற நொடியிலேயே நீங்கள் சரியாகச் செயல்பட்டால்தான். ஜூலையில் சிட்னியில் மேற்குக் காற்று சாதாரணம், அது கரையிலிருந்து கடலுக்கு வீசும். 65 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் சறுக்கும் விமானத்தை 20 நாட் எதிர்க்காற்று பிடித்தால், கரையை நோக்கி நகரும் வேகம் 45 நாட்தான். அந்த 1.4 கிலோமீட்டர் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே போய்விடும். அப்படியே கரையை எட்டினாலும் பாண்டைக்குத் தெற்கே பல இடங்களில் இருப்பது செங்குத்துப் பாறை. அறுபதைத் தாண்டிய இரண்டு பேரைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தின் மேல் 1,500 அடியில் எஞ்சின் நின்றாலும் கஷ்டம்தான். ஆனால் யோசிக்க நேரம் இருக்கும், அமைதியான நீர் இருக்கும், சுற்றிலும் படகுகள் இருக்கும்.

சரி, துறைமுகப் பறப்புக்கு வருவோம். பேங்க்ஸ்டவுனிலிருந்து பாரமட்டா, பென்னன்ட் ஹில்ஸ், ஹார்ன்ஸ்பி வழியாக வடக்கே புரூக்ளின் பாலம் வரை போங்கள். அங்கிருந்து ஹாக்ஸ்பரி ஆற்றின் மேலேயே கிழக்கே திரும்பினால் புரோக்கன் பே. ஆறு கடலில் சேரும் இடத்தில், பாம் பீச்சின் நுனியில், 1881-இல் மணற்கல்லால் கட்டிய பேரன்ஜோயி கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே திரும்பினால் ஏவலான், நியூபோர்ட், மோனா வேல், நராபீன் என்று கடற்கரைகள் வரிசையாக வரும். அதன் முடிவில் கோல்ஃப் மைதானத்தோடு கடலுக்குள் நீண்டிருக்கும் முனைதான் லாங் ரீஃப். துறைமுகத்துக்கான வாசல் அது.

அந்த வாசல் எப்போதும் திறந்திருக்காது. எந்த ஓடுதளம் பயன்பாட்டில் இருக்கிறது, ஜெட்டுகளின் நெருக்கடி எவ்வளவு, துறைமுகத்தின் மேல் ஏற்கெனவே எத்தனை பேர் சுற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து ‘இப்போது முடியாது’ என்ற பதில் வரலாம். புது விமானிகள் தடுமாறுவது இங்கேதான். பாலத்தைக் காட்டுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். மறுப்பு வந்ததும் மனம் அதிலேயே நிற்கும், கை உயரத்தைக் கோட்டைவிடும். அதனால் அனுமதி கிடைக்காத நாளுக்கான திட்டத்தை முதலில் போடுங்கள். எங்கே திரும்புவது, எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். அனுமதி கிடைத்தால் பாலம், இல்லாவிட்டால் ஹாக்ஸ்பரியும் வடக்குக் கடற்கரைகளும் என்று அம்மாவிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொன்னால், காட்டுக்கு நடுவே அந்த ஆறு பல கைகளாகப் பிரிந்து கிடக்கும் காட்சி எனக்குப் பாலத்தைவிடப் பிடிக்கும்.

காத்திருக்கச் சொன்னால் லாங் ரீஃபின் மேலேயே வட்டமடிக்காதீர்கள். விக்டர் ஒன்னிலிருந்து வெளியே வருபவர்களும் உள்ளே போகிறவர்களும் சேரும் இடம் அது. கொஞ்சம் வடக்கே, கடற்பக்கமாகத் தள்ளிக் காத்திருங்கள்.

பறப்புத் திட்டத்தை நைப்ஸ் என்ற விமானிகளுக்கான இணையச் சேவையில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கட்டுப்பாட்டாளரின் திரையில் உங்கள் விவரம் இருந்தால் வானொலியில் பேச வேண்டியது பாதியாகக் குறையும். சிட்னி விமான நிலையத்தின் வானிலை, ஓடுதள விவரங்களைச் சொல்லும் ஏடிஸ் ஒலிபரப்பைக் கேட்டுவிட்டு, மோனா வேலை நெருங்கும்போதே அழையுங்கள். லாங் ரீஃபுக்கு வந்து நின்றுகொண்டு கேட்டால் தாமதம். யார், எங்கே, என்ன உயரம், என்ன வேண்டும், இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். ‘ஐடென்டிஃபைட்’ என்றால் உங்களைத் திரையில் பார்த்துவிட்டார் என்று மட்டும்தான் பொருள். ‘ஸ்டாண்ட்பை’ என்றால் பொறு. ‘கிளியர்டு’ என்ற சொல்லைக் காதால் கேட்டு, திருப்பிச் சொல்லும் வரை கட்டுப்பாட்டு வான்வெளியின் எல்லையைத் தாண்டக் கூடாது.

அனுமதி கிடைத்ததும் மேன்லி, நார்த் ஹெட் பக்கமாகத் துறைமுகத்துக்குள் வருவீர்கள். பாலத்தின் வளைவு உச்சி 134 மீட்டர். அதைவிட உயரம் சிட்னி டவர், 309 மீட்டர், அதாவது ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் மேலே. 1,500 அடியில் இருக்கும்போது அது பக்கத்தில் நிற்கிற மாதிரித் தெரியும், பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது மற்ற விமானங்களை. ரோஸ் பேயில் கடல் விமானங்கள் இறங்கும், ஏறும். 1938-இல் பன்னாட்டுப் பறக்கும் படகுகளுக்காகத் தொடங்கிய தளம் அது. ஹெலிகாப்டர்களும் உங்களுக்குக் கீழே திரியும். வட்டமடிக்கும் திசை, தாண்டக் கூடாத எல்லை, வானொலி அலைவரிசை ஆகியவற்றை நடப்பு எர்சாவிலும் (விமான நிலைய விவரக் கையேடு) நடப்பு விஷுவல் டெர்மினல் சார்ட்டிலும் (நகர வான்வெளி வரைபடம்) பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். யூடியூபில் யாரோ பறந்த வீடியோவைப் பார்த்து வேண்டாம். மேற்கு சிட்னியின் புதிய விமான நிலையத்துக்காக இந்த வட்டாரத்தின் வான்வெளியே மாற்றி அமைக்கப்பட்டு வருகிறது. இரண்டு வருடம் பழைய படம் உங்களைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

நேரம்? வார நாளில், காலை 10:30, 11 மணி வாக்கில் துறைமுகத்தின் மேல் இருக்கப் பாருங்கள். காலை நேர ஜெட் நெருக்கடி ஓய்ந்திருக்கும். குளிர்காலத்தில் பேங்க்ஸ்டவுன் பக்கம் பனிமூட்டம் பிடித்திருந்தாலும் பெரும்பாலும் கலைந்திருக்கும். சூரியன் வடகிழக்கில் தாழ்வாக நிற்கும். லாங் ரீஃபிலிருந்து தென்மேற்காகப் போகும் உங்களுக்கு வெளிச்சம் முதுகுப் பக்கம், பாலத்துக்கும் ஆபரா ஹவுஸுக்கும் முகத்தில். அப்பாவின் போட்டோ நன்றாக வரும். மேற்குக் காற்று 20 நாட் வேகத்துக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்றைக்கு வேண்டாம். மலையையும் நகரத்தையும் தாண்டி வரும் காற்று கடற்கரையில் குலுக்கி எடுக்கும். ஒரு தடவை குலுங்கிவிட்டால் அம்மா திரும்ப ஏற மாட்டார்கள்.

அடுத்து எடை. நான்கு பேர் என்கிறீர்கள். 172 எஸ் மாடலின் உச்ச எடை 1,157 கிலோ. நீங்கள் வாடகைக்கு எடுக்கும் விமானத்தின் வெற்று எடை அதன் ஏட்டில் இருக்கும், பேச்சுக்கு 777 கிலோ என்று வைப்போம். மிச்சம் 380. நால்வரும் கைப்பையுமாக 276 கிலோ என்றால் எரிபொருளுக்கு 104 கிலோ, அதாவது சுமார் 144 லிட்டர். முழு டாங்க் சுமார் 200 லிட்டர். ஆகவே டாங்கை நிரப்பிவிட்டு நான்கு பேர் ஏற முடியாது. தேவையும் இல்லை. மணிக்கு 38 லிட்டர் என்று போட்டால் ஒன்றரை மணி நேரத்துக்கு 57 லிட்டர், பகல் பறப்புக்கான 30 நிமிடக் கையிருப்பு 19 லிட்டர், காத்திருப்புக்கு இன்னொரு 20. நூறு லிட்டர் தாராளம். வீட்டில் எல்லோரையும் உண்மையான எடை பார்க்கச் சொல்லுங்கள். குளிருக்குப் போடும் கோட்டும் எடைதான். பயணிகளை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாட்களில் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம் செய்திருக்க வேண்டும் என்பதையும் லாக் புத்தகத்தில் சரிபாருங்கள்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. குளிரில் ஹீட்டர் போடுவீர்கள். ஒற்றை எஞ்சின் விமானத்தில் அந்தச் சூடு புகைக்குழாயைச் சுற்றி வரும் காற்றிலிருந்து வருகிறது. குழாயில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அதோடு கேபினுக்குள் வரும், நிறமோ மணமோ இருக்காது. 2017 டிசம்பர் 31 அன்று, நீங்கள் போகப்போகும் இதே ஹாக்ஸ்பரிப் பக்கம், ஜெருசலேம் பேயில் ஒரு பீவர் கடல் விமானம் விழுந்து ஆறு பேரும் இறந்தார்கள். புகைக்குழாயில் விரிசல்கள் இருந்ததையும், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பில் போல்ட்டுகள் இல்லாமல் ஓட்டைகள் இருந்ததையும், விமானியின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்ததையும் ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையம் கண்டறிந்தது. அனுபவம் மிக்க விமானி அவர். இந்த வாயு பட்டால் நிறம் மாறும் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். ஒலி எழுப்பும் மின்னணுக் கருவி ஒன்றைச் சொந்தமாக வாங்கி, எந்த விமானத்தில் ஏறினாலும் எடுத்துப் போங்கள். அது கத்தினாலோ, தலைவலி, மந்தம் தெரிந்தாலோ ஹீட்டரை அணைத்து, வெளிக்காற்றைத் திறந்து, கிடைத்த ஓடுதளத்தில் இறங்குங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைக் கிளம்புவதற்கு முன்பே நால்வரும் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். இருக்கைக்குக் கீழே வைத்தது உதவாது. விளக்கத்தைத் தமிழிலேயே சொல்லுங்கள், அம்மாவைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். ‘தண்ணியில இறங்கினா, முதல்ல கதவு, அப்புறம் பெல்ட், வெளியே வந்த பிறகுதான் ஜாக்கெட்டை ஊதணும்.’ உள்ளே ஊதினால் கேபினில் தண்ணீர் ஏறும்போது ஜாக்கெட் ஆளைத் தூக்கிக் கூரையோடு ஒட்டவைத்துவிடும், வெளியே வர முடியாது. சக்கரம் மடங்காத விமானம் தண்ணீரில் பெரும்பாலும் குப்புறக் கவிழும். ஆகவே தொடுவதற்கு முன்பே கதவைத் திறந்து வைப்பது உங்கள் வேலை. இன்னொரு ஏற்பாடு: நீங்கள் கையை உயர்த்தினால் எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டும். ‘அதோ பாரு பாலம்’ என்று அப்பா சொல்லும் அதே நொடியில்தான் கட்டுப்பாட்டாளர் உங்களை அழைப்பார். காலையில் இரண்டு இட்லி போதும். திருப்பங்களை 15, 20 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டாம்.

விக்டர் ஒன்னைப் பிறகு பறக்கும்போது இரண்டு விஷயம். உயரம் காட்டும் அல்டிமீட்டரில் வைக்கும் காற்றழுத்தத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறு ஏறக்குறைய 30 அடி. உண்மையான க்யூஎன்எச் (கடல்மட்டக் காற்றழுத்தம்) 1020 இருக்க நீங்கள் 1015 வைத்திருந்தால், கருவி 500 காட்டும்போது நீங்கள் இருப்பது 650 அடியில், ஜெட்டுகளின் வான்வெளிக்குள். அப்புறம் திமிங்கிலங்கள். ஜூலையில் ஹம்ப்பேக் கூட்டம் வடக்கே போகும், 500 அடியிலிருந்து கண் எடுக்க முடியாது. திமிங்கிலத்தைச் சுற்றி 300 மீட்டருக்குள் 1,000 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது என்பது விதி. முன்னே ஒன்று தெரிந்தால் சுற்றாதீர்கள், விலகி நேராகப் போய்க்கொண்டே இருங்கள். தரைக்கு வந்ததும் விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்புக்காற்று அலுமினியத்தைத் தின்றுவிடும்.

திரும்பும்போது பட்டோங்கா, டியூரல் வழியாக ப்ராஸ்பெக்ட் நீர்த்தேக்கத்துக்கு வாருங்கள். பேங்க்ஸ்டவுன் கோபுரத்தை அழைக்கும் அந்த இடத்தில் நாலா பக்கத்திலிருந்தும் விமானங்கள் சேரும். அங்கே போட்டோவும் பேச்சும் வேண்டாம். மனைவியை முன் வலது இருக்கையில் உட்கார வைத்து, ‘விமானம் தெரிந்தால் கடிகாரத்தில் எத்தனை மணி இருக்கும் பக்கம் என்று சொல்’ என்று பழக்கி வையுங்கள். கூடுதலாக இரண்டு கண்கள் கிடைக்கும்.