மியூசியத்துக்குள்ள பூட்டிக்கிட்டா ஜாம்பிகிட்டருந்து தப்பிக்க முடியுமா?

கேள்வி: ஜாம்பி கதை ஒன்னு எழுதிட்டு இருக்கேன். 20 பேர் ஒரு பெரிய மியூசியத்துக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிறாங்க, கேலரியில இருக்கற வாள் ஈட்டியெல்லாம் எடுத்து சண்டை போட்டு மாசக்கணக்கா தாக்குப்பிடிக்கிறாங்க. லாஜிக் எங்கயாவது உதைக்குதா?

பதில்: இடம் நல்ல இடம்தான், கெட்டிச் சுவரு, ஜன்னலும் கம்மி. ரொம்ப வருஷமா மியூசியத்துல பழைய பொருளைப் பராமரிக்கற வேலை பாத்தவன்ங்கறதால சொல்றேன், உதைக்கிறது கதவுலதான். எல்லாரும் மியூசியத்தைக் கோட்டைன்னு நினைச்சுக்கறாங்க, ஆனா தீ பிடிச்சா உள்ள இருக்கற கூட்டம் சட்டுனு வெளிய ஓடணும்ங்கறதையும் கணக்குல வச்சுதான் அதைக் கட்டுறாங்க. ஜனங்க நடமாடுற பக்கம் நிறைய கதவுல காந்தப் பூட்டு இருக்கும், அது கரண்ட் இருக்கற வரைக்கும்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கும். ஊர்ல கரண்ட் போச்சு, பேட்டரி பேக்கப் கொஞ்ச நேரம் ஓடுச்சு, அப்புறம் நடுராத்திரி இருட்டுல வரிசையா "டக் டக்"னு ஒரு சத்தம், அவ்ளோதான், அந்தக் கதவெல்லாம் பூட்டு விட்டு சும்மாவே திறந்துக்கும். உங்க கதையில முதல் திகில் சீன் இதுதான்னு நான் சொல்வேன். கரண்ட் இருக்கும்போதே எவனாவது பயத்துல ஃபயர் அலாரத்தை இழுத்துட்டாலும் இதே கதிதான். அதனால வந்த உடனே பண்ண வேண்டியது வாள் தேடுறது இல்ல, கதவுக்கெல்லாம் செயின் போட்டு, சிலை பேக் பண்ற பெரிய மரப்பெட்டிங்களை டிராலியில தள்ளிட்டு வந்து அண்டக் குடுக்கறது. பின்பக்கம் லாரி வந்து சரக்கு இறக்கற ஷட்டரை மறந்துடாதீங்க, கட்டடத்துலயே பெரிய ஓட்டை அதுதான்.

வாள் விஷயத்துக்கு வருவோம். கண்ணாடிக்குள்ள பளபளன்னு இருக்கறதைப் பாத்து ஏமாறாதீங்க. உள்ளுக்குள்ள துரு தின்னுருக்கும், பிடிக்கட்டை பூச்சி அரிச்சிருக்கும், ஓங்கி ஒரு வெட்டு வெட்டினா பிடி ஒரு பக்கம் அலகு ஒரு பக்கம் போயிடும். பழைய தோல் கவசம் இன்னும் மோசம். தொட்டாலே விரல்ல செங்கல் கலர்ல பொடி ஒட்டும், அந்தத் தோலு உதிர்ந்துட்டு இருக்குன்னு அர்த்தம், பல்லுக்கெல்லாம் அது தாங்காது. அதுக்குப் பதிலா பராமரிப்பு லேபுக்குப் போகச் சொல்லுங்க, கையுறை, ஃபில்டர் மாஸ்க், சுத்தியல், கடப்பாரை, டேப்னு நிஜமாவே உதவுற சாமான் அங்கதான் இருக்கு.

ஸ்டோர் ரூம்ல படுக்க வைக்கலாம்னு தோணும், ஜன்னல் இல்ல, சாவிப் பூட்டு. ஆனா சில ஸ்டோர்ல தீயணைக்க கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வச்சிருப்பாங்க, அது திறந்துச்சுன்னா தூங்கறவன் எந்திரிக்கவே மாட்டான் (ஜாம்பி மூச்சே விடாதுன்னா அதுக்கு ஒன்னும் ஆகாது, அது வேற கொடுமை). பாடம் பண்ணின மிருகம் பறவை இருக்கற பக்கமும் வேணாம், அந்தக் காலத்துல பூச்சி அரிக்காம இருக்க ஆர்சனிக் தடவினாங்க, அது இன்னும் தோல்லயும் இறக்கையிலயும் இருக்கும். குளிருதேன்னு அதை எரிச்சா புகையே கொன்னுடும். ஜாடியில மிதக்கற பாம்பு பல்லி இருக்கற ரூம் முழுக்க ஆல்கஹால், அங்க மெழுகுவர்த்தியோட போனா கதை அந்தப் பக்கத்துலயே முடிஞ்சுடும்.

தண்ணிதான் பெரிய தலைவலி. மியூசியக்காரனுக்குத் தண்ணின்னாலே அலர்ஜி, பொருள் இருக்கற பக்கம் பைப்பே வர விட மாட்டான். ஆளுக்கு குடிக்க மட்டும் 3 லிட்டர்னு வச்சாலும் 20 பேருக்கு நாளைக்கு 60 லிட்டர். மொட்டை மாடியில மழைத்தண்ணி பிடிக்கற சீன் கண்டிப்பா வைங்க.

சாப்பாட்டுக்கு நான் கற்பனை பண்ணவே வேணாம், நிஜமாவே நடந்திருக்கு. 1941ல ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் படை ரஷ்யாவோட லெனின்கிராட் ஊரை (இப்போ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) முற்றுகை போட்டப்போ, அங்க இருக்கற ஹெர்மிடாஜ் மியூசியத்தோட நிலவறையில சுமார் 2000 பேர் குடியிருந்தாங்க. படங்களை ரயில்ல ஏத்தி அனுப்பிட்டு வெறும் ஃபிரேமை மட்டும் சுவர்ல விட்டு வச்சிருந்தாங்க, பசி முத்தினப்போ மரவேலைக்கு வச்சிருந்த பசையை ஜெல்லி மாதிரி காய்ச்சித் தின்னாங்க, அடுத்த வருஷம் அந்த மியூசியம் இருக்கற பழைய அரண்மனையோட தோட்டத்துல காய்கறி போட்டாங்க. லெபனான் நாட்டோட பெய்ரூட் தேசிய மியூசியம் இதுக்கு நேர் எதிர், 1975ல ஆரம்பிச்ச உள்நாட்டுப் போர்ல சண்டைக்கோடு அது வாசல்லயே ஓடுச்சு, ஆயுதக்காரங்க உள்ள வந்து உக்காந்துட்டாங்க, சுடறதுக்காக ஒரு பழைய மொசைக்லயே ஓட்டை போட்டாங்க. பெரிய கல் சவப்பெட்டியெல்லாம் தப்பிச்சதுக்குக் காரணம், மியூசியத் தலைவர் மாரிஸ் ஷெஹாப் அதையெல்லாம் சுத்தி கான்கிரீட் ஊத்தி மூடிட்டாரு.

உங்க 20 பேர்ல ஒருத்தரை நைட் ஷிப்ட் வாட்ச்மேனா மாத்துங்க. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, எந்த ஷட்டர் பாதியில சிக்கும், மாடிக்குப் போற இரும்பு ஏணி எந்த கப்போர்டுக்குப் பின்னாடி இருக்குன்னு டைரக்டருக்கே தெரியாது, அவருக்குத்தான் தெரியும். அவரை மட்டும் மூணாவது அத்தியாயத்துல கடிக்க விட்டுடாதீங்க.