பிரிண்டர் 69 வெள்ளி, மை ஆண்டுக்கு 252 வெள்ளி: புதியது வாங்கலாமா?

கேள்வி: மகன் தொடக்கநிலை 5, மகள் தொடக்கநிலை 1 படிக்கிறார்கள். 69 வெள்ளிக்கு வாங்கிய இங்க்ஜெட் பிரிண்டர் வீட்டில் இருக்கிறது. கருப்பு, கலர் கார்ட்ரிட்ஜ் இரண்டும் சேர்த்து 42 வெள்ளி; போன ஆண்டு ஆறு முறை வாங்கிவிட்டேன். பெட்டியில் கருப்புக்கு 480 பக்கம், கலருக்கு 150 பக்கம் என்று போட்டிருக்கிறது. ஆனால் தாள் மூன்று கட்டுதான் தீர்ந்தது. பெரும்பாலும் மகனுக்கான பழைய தேர்வுத்தாள்கள். 260 வெள்ளிக்கு, புட்டியிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் மை டேங்க் பிரிண்டர் வாங்கலாம் என்கிறார் கணவர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் பக்கத்துக்கு 10 காசு. என்ன செய்யலாம்?
வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மையோடு தாள் கணக்கையும் எழுதினீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஆறு முறை 42 என்றால் 252 வெள்ளி. மூன்று கட்டு என்றால் 1,500 தாள். தாளின் ஒரு புறம் மட்டும் அச்சிடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு மை மட்டுமே ஏறக்குறைய 17 காசு. தாளையும் சேர்த்தால் 18 காசு ஆகிவிடும். கீழே கடையில் 10 காசுதான். இதே 1,500 பக்கத்தை அங்கே எடுத்திருந்தால் 150 வெள்ளியோடு முடிந்திருக்கும்.

பெட்டிக் கணக்குப்படி ஆறு கருப்புக் கார்ட்ரிட்ஜில் 2,880 பக்கம் வந்திருக்க வேண்டும். உங்களுக்கு அதில் பாதிதான் வந்திருக்கிறது. கார்ட்ரிட்ஜில் குறை என்று சொல்ல முடியாது. பெட்டியில் போடும் எண் ஐஎஸ்ஓ என்ற அனைத்துலகத் தர அமைப்பின் முறைப்படி, குறிப்பிட்ட சில மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சிட்டுப் பார்த்து எடுப்பது. வீட்டில் யாரும் அப்படி அச்சிடுவதில்லை. ஜூனிலும் ஆண்டிறுதியிலும் ஊருக்குப் போய் வருகிறோம், அதற்குள் மை தெளிக்கும் அச்சுத்தலையின் முனைகளில் மை காய்ந்துவிடுகிறது. வந்ததும் வரிகள் விட்டுவிட்டு விழும், ‘கிளீனிங்’ போடுவோம், ஒரு முறை போதாமல் இன்னொரு முறை போடுவோம். ஒவ்வொரு முறையும் நல்ல மை உறிஞ்சப்பட்டு உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. சுவர் சுவிட்சை அணைப்பது மின்சாரத்துக்கு நல்ல பழக்கம்தான், ஆனால் இங்கே அதற்குமுன் பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டும். அப்போதுதான் அச்சுத்தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும்.

அப்புறம் அந்தத் தேர்வுத்தாள்கள். கைப்பேசியில் படம் பிடித்துப் பெற்றோர் குழுக்களில் சுற்றி வருபவை அவை. ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்: கேள்விகளுக்குப் பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மங்கிய சாம்பல் நிறம், மடிப்பின் ஓரத்தில் கரிய நிழல். பிரிண்டர் அதையும் விடாமல் புள்ளி புள்ளியாக அடிக்கும். அமைப்பை மாற்றாமல் விட்டால் அந்தச் சாம்பலுக்குக் கலர் மையும் செலவாகும். பிரிண்டருக்கு அனுப்புவதற்கு முன் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிப் பின்னணியை வெளுத்துவிடுங்கள். அமைப்பில் ‘கருப்பு மை மட்டும்’ என்பதையும் குறைந்த மையில் அச்சிடும் ‘டிராஃப்ட்’ என்பதையும் தேர்ந்தெடுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை, இன்றிரவே செய்யலாம்.

சரி, டேங்க் பிரிண்டருக்கு வருவோம். கூட வரும் மைப்புட்டிகளில் ஒரு பங்கு முதல் நாளே குழாய்களை நிறைக்கப் போய்விடும். மீதியே உங்கள் வீட்டுக்கு இரண்டு ஆண்டு தாங்கும் என்று நினைக்கிறேன். இவ்வகைப் புட்டி மையில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரும். ஆக, இரண்டு ஆண்டில் பிரிண்டர் 260, தாள் ஒரு 36, மொத்தம் 296 வெள்ளி. கடையில் 3,000 பக்கத்துக்கு 300. இப்போதைய வழியிலேயே போனால் 540.

தொடக்கநிலை 6 முடிவில் மகன் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வுக்காக மட்டும் என்றால், டேங்க் வாங்குவதற்கும் கீழே இறங்கிப் போய் அச்சிடுவதற்கும் வித்தியாசமே இல்லை. வாங்க வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். மகள் தொடக்கநிலை 1 என்பதால்தான் என் பதில் மாறுகிறது. அவளுக்கு இன்னும் ஐந்தாண்டுக்கு மேல் இருக்கிறது. மூன்றாம் ஆண்டிலிருந்து உங்களுக்குத் தாளும் எப்போதாவது ஒரு மைப்புட்டியும்தான் செலவு. உங்கள் கணவர் சொல்வது சரி.

ஆனால் டேங்கும் இங்க்ஜெட்தான். சும்மா கிடந்தால் அதுவும் காயும். பலவற்றில் அச்சுத்தலை பிரிண்டரோடு பொருந்தியிருப்பதால், உங்கள் பழைய கார்ட்ரிட்ஜைப்போல் எடுத்து வீசிவிட்டுப் புதுசு போட முடியாது. பழுது பார்க்க நல்ல தொகை ஆகும். வாரம் ஒரு கலர்ப் பக்கமாவது அச்சிட முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். கடையில் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை பக்கம், அச்சுத்தலையும் அதில் அடங்குமா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். வட்டியில்லாத் தவணைக்குப் போக வேண்டாம். பழைய முறையிலேயே மாதம் 21 வெள்ளி மைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருடத்துக்குக் கடையில் அச்சிட்டால் அதில் நூறு வெள்ளிக்கு மேல் கையில் நிற்கும், மீதியைச் சேர்த்து ரொக்கமாகவே வாங்கலாம்.

கைவசம் உள்ள கார்ட்ரிட்ஜைத் தீர்த்துவிட்டு மாற்றுங்கள். புதியதை வீட்டுக்குக் கொண்டுவந்து தரச் சொல்லும்போதே பழையதை எடுத்துப் போகவும் சொல்லுங்கள். 2021 ஜூலை முதல் நடப்பில் உள்ள மின்கழிவுத் திட்டப்படி கடைக்காரர் அதை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும்.