‘லைஃப்டைம்’ சந்தாவும் வாய் திறக்காத தேடல் பெட்டியும்

கே: அண்ணாச்சி, பத்தமடையில் கோரைப்பாய் வியாபாரம். வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸில் ஆன்லைன் கடையும் ஓடுகிறது, 140 பொருள். தேடல் பெட்டியில் இரண்டெழுத்து அடித்ததுமே பொருள் பெயர்கள் கீழே வர வேண்டும். அதற்கு ஒரு தம்பி 45,000 ரூபாயும், ‘சர்வர் வாடகை’ என்று மாதம் 2,000 ரூபாயும் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வாடகைத் தேடல் சேவையெல்லாம் ஆயிரக்கணக்கில் சரக்கு வைத்திருப்பவர்களுக்கு. அதிலும் பல சேவைகளில் தேடலின் எண்ணிக்கைக்குத்தான் காசு. ஒரு சொல்லை அடித்து முடிப்பதற்குள் நான்கைந்து தேடலாகக் கணக்கு ஏறிவிடும்.

முதலில் வூகாமர்ஸ் கடைக்குத் தேடல் வசதி சேர்க்கும் ஃபைபோசர்ச் என்ற பிளக்இன்னின் (கூடுதல் நிரல்) இலவசப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். பெயரும் படமும் கீழே வந்து நிற்க அதுவே போதும். தனியாகச் செய்துதான் ஆக வேண்டும் என்றால், 140 பொருளின் பெயர், விலை, சுட்டி எல்லாம் சேர்ந்து 100 கேபி கூட வராது. அதை ஒரே ஜேசான் கோப்பாக்கி (தகவலை எழுத்தாக அடுக்கி வைக்கும் வடிவம்), வாடிக்கையாளர் பெட்டியைத் தொட்டதும் ஒருமுறை இறக்கிவிட்டால், மிச்சத் தேடல் அவர் போனுக்குள்ளேயே நடக்கும். இருப்பு மாறும்போது அந்தக் கோப்பும் தானாக மாற வேண்டும். இல்லாவிட்டால் விற்றுத் தீர்ந்த பாய்தான் பட்டியலில் முதலில் நிற்கும்.

அந்தத் தம்பிக்குக் காசு கொடுப்பதாக இருந்தால் இந்த வேலைகளுக்குக் கொடுங்கள். பத்தமடையை ஆங்கில எழுத்தில் ஒரு ‘டி’ போட்டு எழுதுகிறவர் உண்டு, இரண்டு போடுகிறவர் உண்டு, ‘எச்’ சேர்ப்பவரும் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் இந்த மாற்றெழுத்துகளை மறைவாகச் சேர்த்து வைக்க வேண்டும். தமிழில் அடிப்பவருக்கு வேறு சிக்கல். ‘கோரை’யின் ‘கோ’வில் உள்ள கொம்பும் காலும் கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறிமுறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் ‘பொருள் இல்லை’ என்று வரும். அடித்த சொல், பொருள் பெயர் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இன்னொன்று: விசையிலிருந்து விரலை எடுப்பதைக் கவனிக்கும் ‘கீஅப்’ நிகழ்வை நம்பி எழுதிய நிரல் கணினியில் ஒழுங்காக ஓடும், ஆண்ட்ராய்டு போனின் தமிழ் கீபோர்டில் தடுமாறும். பெட்டியில் எழுத்து மாறுவதைக் கவனிக்கும் ‘இன்புட்’ நிகழ்வை வைத்து எழுதச் சொல்லுங்கள். போனில் பாதித் திரையைக் கீபோர்டே அடைத்துக்கொள்ளும் என்பதால் ஆறு பெயருக்கு மேல் காட்ட வேண்டாம்.

பின்னால் சரக்கு பெருகி சர்வரிலேயே தேட வேண்டி வந்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓடாமல் 250 முதல் 300 மில்லி விநாடி பொறுத்து ஓட வேண்டும். முந்தைய எழுத்துக்கான விடை தாமதமாக வந்து புதியதன் மேல் உட்காரவும் கூடாது.

பாதிதான் முன்பணம். மீதியை உங்கள் போனில் ‘கோரை’ என்று நீங்களே அடித்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

கே: வேலைப்பட்டியல் ஆப் ஒன்றை ஒரு மாத இலவசத்தில் போட்டேன். பிடிக்கவில்லை, அழித்துவிட்டேன். மாதம் 199 ரூபாய் போய்க்கொண்டே இருக்கிறது! – வள்ளியூர் வாசகர்

ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. பிளே ஸ்டோரில் வலது மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதற்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போய் ரத்து செய்யுங்கள். யுபிஐ ஆப்பில், தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதிகள் இருக்கும் ஆட்டோபே பட்டியலையும் பாருங்கள். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வந்திருக்கும், நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள்.

கே: புது ஆண்ட்ராய்டு 14 போனுக்கு மாறினேன். பழைய போனில் மாத்திரை நேரத்துக்குச் சரியாக அடித்த நினைவூட்டல் இப்போது அரைமணி கழித்து அடிக்கிறது. ஆப் கெட்டுவிட்டதா? – அம்பாசமுத்திரம் வாசகி

ஆப் மேல் குற்றமில்லை அம்மா. ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக நிறுவும் பெரும்பாலான ஆப்களுக்குத் துல்லிய நேர அலாரம் அனுமதி தானாகக் கிடைக்காது. செட்டிங்ஸில் ‘ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்’ உள்ளே ‘அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்’ போய் இயக்குங்கள். அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்குங்கள். மாத்திரைக்கு மட்டும் போனின் சொந்தக் கடிகாரத்திலும் ஒரு அலாரம் இருக்கட்டும்.

கே: பெங்களூரு கம்பெனி ஒன்றின் வேலைப்பட்டியல் ஆப்புக்கு ‘லைஃப்டைம்’ என்று 2,499 ரூபாய் கட்டினேன். போன மாத அப்டேட்டில் நினைவூட்டலையும் ஒத்திசைவையும் ‘ப்ரோ பிளஸ்’ என்று பிரித்து ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். கேட்டால் பதில் இல்லை. – மேலப்பாளையம் வாசகர்

உங்கள் கோபம் நியாயம். இந்த ‘லைஃப்டைம்’ வியாபாரத்தின் மேல் எனக்கு நெடுநாள் கடுப்பு; என் காசும் இப்படி ஒரு ஆப்பில் முடங்கிக் கிடக்கிறது. சர்வருக்கு மாதாமாதம் செலவு, வாங்கியவரிடமிருந்தோ ஒரே ஒரு முறைதான் வரவு. புது ஆள் சேருவது நின்றதும் பழைய ஆளின் வசதியில் கைவைப்பார்கள். பெரிய இடத்துக்குப் போன ஆப்புக்கும் ஆயுள் உறுதியில்லை. உலகமே கொண்டாடிய வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் ஆப்பை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கி, 2020 மே 6-இல் மூடியது. அங்கே பட்டியலை மாற்றிக்கொள்ள வழி விட்டார்கள். எல்லோரும் விடுவதில்லை. அதனால் இன்றைக்கே உங்கள் பட்டியலை எக்ஸ்போர்ட் செய்து, அதாவது தனிக் கோப்பாக வெளியே எடுத்து, வையுங்கள்.

பிறகு சண்டை. ரசீது மின்னஞ்சல் வேண்டும். நீங்கள் வாங்கிய நாளில் விற்பனைப் பக்கம் என்ன சொன்னது என்பதற்குச் சான்று வேண்டும். உங்களிடம் படம் இல்லாவிட்டால் இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கம் கிடைக்கலாம். கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்பி ஒரு மாதம் பாருங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேலே, நுகர்வோர் வழக்குக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியாகத் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், பெங்களூருக்கு அலைய வேண்டாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். விடாதீர்கள்.

கே: அப்டேட் வந்தால் உடனே போடலாமா?

வங்கி ஆப் என்றால் உடனே. வேலைப்பட்டியல் ஆப் என்றால், பட்டியலை எக்ஸ்போர்ட் செய்த பிறகு.

கே: பெரிய தளம் ஒன்றில் ‘கரு’ என்று அடித்ததும் ‘உடன்குடி கருப்பட்டி ஒரிஜினல்’ என்று அதுவே காட்டியது. நம்பி இரண்டு கிலோ வாங்கினேன். சீனி கலந்தது. தளமே பரிந்துரைத்துவிட்டு ஏமாற்றலாமா? – கே.டி.சி. நகர் வாசகர்

பெட்டி பரிந்துரைக்கவில்லை. பெரும்பாலும் மற்றவர்கள் அடித்த சொற்களைத்தான் உங்களுக்கு எடுத்துக் காட்டுகிறது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விற்றவர் யார், முகவரி எது, 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? உடன்குடிக்கு பஸ்ஸே இருக்கிற ஊரில் இருந்துகொண்டு சந்தை விலையில் பாதிக்குக் கருப்பட்டி தேடினால் சீனிதான் வரும். திருப்பி அனுப்பும் கெடு தாண்டாமலிருந்தால் இன்றே பதியுங்கள். பிரிக்காத பொட்டலம் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா? இரண்டு கிலோவையும் காப்பியில் கரைத்த பிறகு உணவுப் பாதுகாப்பு அலுவலர் எதை எடுத்துச் சோதிப்பார்?