தகரக் கொட்டகைக்கு ஜிப்சம் சீலிங் வேண்டாம்

கேள்வி: குன்னூரில் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். விடியற்காலையில் கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. உளியும் இழைப்புளியும் துருப்பிடிக்கின்றன. தகரத்தின் அடியில் தெர்மகோல் ஒட்டி ஜிப்சம் சீலிங் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தாலும் வேலையை நிறுத்திவையுங்கள்.

மழையில்லாத நாளிலும் விடியலில் சொட்டினால் அது ஒழுகல் அல்ல. மேகமில்லாத இரவில் தகரம், காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். உள்ளிருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு நீராகிறது. குளிர்ந்த நீர் நிரப்பிய சொம்பு வியர்ப்பதும் இப்படித்தான். கூரைமேல் எந்தப் பூச்சு பூசினாலும் இது நிற்காது.

தெர்மகோலைத் தகரத்தோடு ஒட்டினால் பசை விட்ட இடத்தில் ஈரம் புகுந்து தங்கிவிடும். உங்கள் கண்ணில் படாமலே தகரம் அரித்துப்போகும். சாதாரண ஜிப்சம் பலகை ஈரத்தில் தொய்ந்து பூஞ்சை பிடிக்கும். மரத்தூள் பறக்கும் இடத்தில் மூடாத தெர்மகோல் இருந்தால் ஒரு தீப்பொறி போதும். ஆனாலும் இதையே ஊரெல்லாம் விற்கிறார்கள். வேலை இரண்டு நாளில் முடிகிறது. பலகைக்கும் பசைக்கும் கடையில் தனியாகக் கமிஷன் கிடைக்கிறது. கோளாறு வெளியே தெரிவதற்குள் ஒரு மழைக்காலம் ஓடிவிடுகிறது. இப்படிக் கெட்டுப்போன சீலிங்குகளைக் கழற்றிக் கழற்றி எனக்கு அலுத்துவிட்டது.

செய்ய வேண்டியது இது. தகரத்துக்குக் கீழே இரண்டு அங்குலம் காற்றிடைவெளி. கூரையின் கீழ் விளிம்பிலும் முகட்டிலும் அது திறந்திருக்க வேண்டும், எலி புகாமல் கம்பிவலை அடியுங்கள். அதன்கீழ் ராக்வூல், அதாவது வெப்பத்தைத் தடுக்கும் கல்லிழைப் பஞ்சு. அதற்கும் கீழே, அறைப்பக்கமாக, கனமான பாலிதீன் விரிப்பு. இணைப்புகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டுங்கள். கடைசியாக ரீப்பரில், அதாவது மரச்சட்டத்தில், ஃபைபர் சிமென்ட் பலகை. பாலிதீனை ராக்வூலுக்கு மேலே போட்டுவிட்டால், அறையின் ஈரக்காற்று புகுந்து ராக்வூல் நனைந்து பயனற்றுப் போகும்.

உங்கள் கூரை தகரமாக இல்லாமல் ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் நான் சொன்ன எதையும் அந்தக் கூரையில் பொருத்தாதீர்கள். துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டாதீர்கள். அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. ரீப்பர்களைச் சுவரிலோ தனிச் சட்டத்திலோ தாங்கவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் தொடவே வேண்டாம். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்த பொருள் இது. நம் ஊரில் இன்றும் கடை வாசலில் அடுக்கி வைத்து விற்கிறார்கள், அறுக்கும் தொழிலாளிக்கு முகமூடிகூட இல்லை. இதை யாரிடம் முறையிடுவது?

குளிருக்காக உள்ளே கேஸ் ஹீட்டர் எரிப்பவராக இருந்தால் அதை நிறுத்துங்கள். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான நீர் ஆவியாக அறையில் சேர்கிறது. தரையையும் சோதியுங்கள்: இரண்டடிச் சதுரப் பாலிதீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். அடிப்பக்கம் நனைந்திருந்தால் முதல் செலவு தரைக்குத்தான்.

பாலிதீன் இணைப்புகளை நீங்களே ஏணியில் ஏறிப் பார்த்த பிறகே பலகை அடிக்கச் சொல்லுங்கள். மீதிப் பணத்தையும் அதற்குப் பிறகே கொடுங்கள்.