மலிவான பாக்கெட் சிற்றலை ரேடியோ: நிறைய ஸ்டேஷன் கேட்டால் நல்ல செட்டா?

கேட்டிருந்த கேள்வி இது: "விலை குறைந்த, சட்டைப் பையில் அடங்கும் சிற்றலை ரேடியோ ஒன்று வாங்கினேன். முள்ளை எங்கே வைத்தாலும் ஏதாவது கேட்கிறது. அப்படியென்றால் நல்ல செட்தானே?"

சிற்றலை (ஷார்ட்வேவ்) செட்டைத் தேடி வாங்குகிறவர்கள் குறைந்துபோன காலத்தில் நீங்கள் வாங்கியிருப்பதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த அடையாளத்தை நம்ப வேண்டாம். மலிவு செட்டில் எங்கே திருப்பினாலும் சத்தம் வந்தால் முதலில் சந்தேகம்தான் வர வேண்டும். ஒரே ஸ்டேஷன் இரண்டு இடத்தில் தலைகாட்டிக்கொண்டிருக்கலாம்.

அது எப்படி என்று சொல்கிறேன். முள் வைத்த பழைய பாணி செட்டுகள் பெரும்பாலும் வருகிற அலையை 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டுதான் வேலை செய்யும். அதற்காக உள்ளே ஒரு அலையாக்கி, நீங்கள் கேட்கும் ஸ்டேஷனைவிட 455 மேலே ஓடிக்கொண்டிருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த அலையாக்கிக்கு இன்னும் 455 மேலே இருக்கிற வேறொரு ஸ்டேஷனும் கழித்துப் பார்த்தால் அதே 455தான். செட்டின் முன்பகுதியில் நல்ல வடிகட்டல் இல்லாவிட்டால் இரண்டும் உள்ளே வந்துவிடும். இரண்டுக்கும் இடைவெளி 910 கிலோஹெர்ட்ஸ். 9.900 மெகாஹெர்ட்ஸில் பலமாக வருகிற ஸ்டேஷன் 8.990லும் பேசும். அங்கே உண்மையில் யாருமே இல்லாமல் இருக்கலாம்.

இதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். இரவில் பலமான ஒரு ஸ்டேஷனைப் பிடியுங்கள். அங்கிருந்து ஏறக்குறைய 0.9 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கி, மெல்ல மெல்லத் தேடுங்கள். அதே குரல் அங்கேயும் வருகிறதா? லேசாக, இரைச்சலுக்கு அடியில் வந்தால் பரவாயில்லை, இந்த விலைக்கு அது சகஜம். நிஜ இடத்தில் வருகிற அதே பலத்தோடு வந்தால் அந்த செட் வேண்டாம். நீங்கள் ஆசையாகத் தேடும் மெலிந்த ஸ்டேஷன்கள்மேல் இந்தப் போலிகள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வருகிற அலையை எண்களாக்கிக் கையாளும் டிஎஸ்பி சில்லு வைத்து வரும் செட்டுகளுக்கு இந்த 910 கணக்கு பொருந்தாது. அதனாலேயே இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் அவற்றைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்தது, பக்கத்து ஸ்டேஷனைப் பிரிக்கும் திறன். என்னைக் கேட்டால் ஒரு செட்டின் தரம் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது. சிற்றலை ஒலிபரப்பில் ஸ்டேஷன்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. 31 மீட்டர் பட்டை என்று சொல்லும் அலைவரிசைப் பகுதி 9.4 முதல் 9.9 மெகாஹெர்ட்ஸ் வரை. அதாவது 100 இடங்கள். பாக்கெட் செட்டின் முள் பலகையில் இந்த 100 இடங்களும் விரலகலத்துக்குள் அடங்கியிருக்கும். மாலை மங்கியதும் அந்தப் பட்டையைத் திறந்து, பலமான ஸ்டேஷன் ஒன்றின் ஓரத்திலேயே காதை வையுங்கள். பக்கத்தில் மெலிந்து ஒலிக்கும் ஸ்டேஷனில் பேசுவது என்ன மொழி என்றாவது பிடிபடுகிறதா? அல்லது விசில் சத்தமும் பக்கத்துப் பாட்டும் சேர்ந்து குழம்புகிறதா? முதல் வகை என்றால் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற குறைகளோடு வாழப் பழகிக்கொள்ளலாம்.

முள்ளைத் திருப்பும் சக்கரத்தையும் அப்போதே கவனித்துவிடுங்கள். ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டு பின்னுக்குத் திருப்பும்போது முள் உடனே நகர்கிறதா, சக்கரம் கொஞ்சம் வெறுமனே சுற்றிய பிறகுதான் நகர்கிறதா? பிடித்த பிறகு விரலை எடுத்ததும் ஸ்டேஷன் விலகிப் போகிறதா? அரை மணி நேரம் தொடாமல் வைத்தால் அதே இடத்தில் நிற்கிறதா? முள் செட்டுகள் சூட்டுக்கும் குளிருக்கும் கொஞ்சம் நகரத்தான் செய்யும், அதற்கு ஒரு சின்னத் திருத்தம் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டியிருந்தால் செய்தி கேட்கவே முடியாது. டிஎஸ்பி செட்டுகளில் வேறு மாதிரித் தொல்லை: சில செட்டுகள் ஒவ்வொரு படி திருப்பும்போதும் நொடிநேரம் வாயை மூடிக்கொள்ளும். அலை மெலிந்தால் ஒலியையும் தானாகவே அமுக்கிவிடும். மெலிந்த ஸ்டேஷனைத் தேடிப் பிடிப்பதில்தான் எனக்கு ருசியே. அதைக் கெடுக்கிற செட் எவ்வளவு சுத்தமாக ஒலித்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

எண் காட்டும் திரை உண்டென்றால், அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் தேடுங்கள். அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து டபிள்யூடபிள்யூவி, சீனாவிலிருந்து பிபிஎம் என்ற நேரக் குறிப்பு நிலையங்கள் அங்கே நொடிக்கொரு டிக் ஒலி அனுப்புகின்றன. நேரத்தையும் இடத்தையும் பொறுத்து ஏதாவது ஒன்று கிடைக்கும்.

இனி, எல்லாரும் முதலில் கேட்கும் விஷயம்: எவ்வளவு தூரத்து ஸ்டேஷன் கிடைக்கும்? உண்மையில் இன்றைய மலிவு செட்டுகள் பலவற்றுக்கும் மெலிந்த அலையைப் பிடிக்கப் போதுமான கூர்மை இருக்கிறது. கேட்கவிடாமல் செய்வது வீட்டுக்குள் இருக்கும் இரைச்சல். எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், வைஃபை பெட்டி, லேப்டாப் அடாப்டர் எல்லாமே சிற்றலையில் கரகரக்கும். இவற்றின் நடுவில் வைத்துக்கொண்டு ரேடியோவைக் குறை சொல்வது நியாயமில்லை. மொட்டை மாடிக்கோ திறந்த வெளிக்கோ எடுத்துப் போய், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, மடக்கிய ஆண்டெனாவை மெல்ல முழு நீளத்துக்கும் இழுங்கள். இரைச்சல் கொஞ்சம் கூடினால், செட்டின் சொந்த இரைச்சலைத் தாண்டி வானத்தின் இரைச்சல் உள்ளே வருகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் கூர்மை இருந்தாலும் பெரிய பயன் இல்லை. எந்த மாற்றமும் இல்லையென்றால் செட் மந்தம். கையில் பிடித்தபடியும் கீழே வைத்தும் கேளுங்கள். கையில் இருக்கும்போது நம் உடம்பும் ஆண்டெனாவுக்குத் துணையாக வேலை செய்வதால், கீழே வைத்ததும் பலம் குறைவது இயல்பு.

நேரத்தையும் பார்த்துச் சோதியுங்கள். சிற்றலையைத் தரைக்குத் திருப்பி அனுப்புவது வானத்தில் உயரே இருக்கும் அயனி மண்டலம். பகலில் அதன் கீழடுக்கு 6, 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகளை விழுங்கிவிடும், அப்போது 15, 17 பக்கம் போக வேண்டும். இரவில் அந்த அடுக்கு மறைந்துவிடுவதால் 49, 41, 31 மீட்டர் பட்டைகள் (முறையே 6, 7, 9 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) நிரம்பி வழியும். நண்பகலில் 49 மீட்டரைத் திறந்து, ஒன்றுமில்லை என்று செட்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கேட்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? சீனா, ருமேனியா, துருக்கி, ஜப்பான் எல்லாம் வெளிநாட்டு நேயர்களுக்காக இன்றும் சிற்றலையில் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன.

சரி, கம்பி கட்டினால் இன்னும் நன்றாகக் கேட்குமா? 3 மீட்டர் மெல்லிய கம்பியை ஆண்டெனா நுனியில் கவ்வவிட்டு ஜன்னலுக்கு வெளியே விடுங்கள், போதும். ஆசைப்பட்டு 15, 20 மீட்டர் கட்டினால் சின்ன செட் திணறும். பலமான ஸ்டேஷன்கள் உள்ளே ஒன்றோடொன்று கலந்து, இல்லாத இடத்திலெல்லாம் கேட்கும்.

ஸ்பீக்கர் தரத்துக்கு நான் அதிகம் மதிப்பெண் தருவதில்லை. இந்த அளவுப் பெட்டியில் பேச்சு தெளிவாக இருந்தால் போதும், பாட்டுக்கு இயர்போன் இருக்கிறது. பேட்டரி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கலாம். சாதாரண பென்சில் செல் போடுகிற செட் என்றால் எங்கேயும் செல் கிடைக்கும், மின்சாரம் போனாலும் கவலையில்லை. சார்ஜ் ஏற்றும் வகை என்றால் சார்ஜர் செருகியிருக்கும்போது கேட்டுப் பாருங்கள். பல செட்டுகளில் அந்த நேரத்தில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வராது.

அப்புறம், 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸுக்குள் வாத்து கத்துவதுபோல ஒரு பேச்சு கேட்டால் செட் பழுது என்று நினைக்காதீர்கள். அமெச்சூர் வானொலிக்காரர்கள், அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசிக்கொள்வது அது. அதைத் தெளிவாகக் கேட்கத் தனி வசதி வேண்டும், இந்த விலையில் அநேகமாக இருக்காது.