நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதில் தொடங்கலாம்

கேள்வி: எனக்கு வயது 41. ஓட்டம், விளையாட்டு எல்லாம் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோயிற்று. இரண்டு பிரசவத்துக்கு அப்புறம் எடை ஏறிக்கொண்டே போகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போட்டோ எடுத்தால் யாருக்காவது பின்னால் போய் நின்றுகொள்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் ஜிம்மில் சேர்ந்து இரண்டே நாள்தான் போனேன். எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. தனியாக ஒரு பெர்சனல் டிரெய்னர் வைத்துக்கொண்டால் சரியாகுமா? அவர் முன்னால் போய் நிற்கவும் கூச்சமாக இருக்கிறது. முதலில் வீட்டிலேயே கொஞ்சம் இளைத்துவிட்டு, தைரியம் வந்ததும் போகலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காத்திருக்க வேண்டாம். இளைத்த பிறகு போகலாம், தைரியம் வந்த பிறகு போகலாம் என்று நானும் மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். அந்த மூன்று வருடத்தில் இளைக்கவும் இல்லை, தைரியம் வரவும் இல்லை. இன்றைக்கு இருக்கிற உடம்போடு வருகிறவருக்குச் சொல்லித்தருவதுதான் டிரெய்னரின் வேலை. மூச்சு வாங்குகிறவரையும் முட்டி வலிக்கிறவரையும் அவர் தினமும் பார்க்கிறார்.

எல்லோரும் பார்ப்பது போல இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சம் எனக்கு நன்றாகத் தெரியும். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அது. அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டு போனவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். ஜிம்மிலும் அப்படித்தான். அவரவருக்கு அவரவர் மூச்சை எண்ணவே நேரம் சரியாக இருக்கிறது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டதால் மட்டும் உங்கள் கூச்சம் போய்விடாது. எனக்கும் போகவில்லை. எப்படிப் போயிற்று என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

நான் முதலில் போன டிரெய்னர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எடை மெஷினில் ஏறச் சொன்னார், எண்ணைச் சத்தமாகப் படித்தார், அப்புறம் ஒரு மணி நேரம் விடாமல் வேலை வாங்கினார். அடுத்த நாலு நாள் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. வலித்தால்தான் பலன் என்றார். தவறு என் உடம்பில்தான் என்று நம்பினேன். பிறகு போகவே இல்லை. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று நாள்வரை தசையில் வலி இருப்பது சாதாரணம்தான். ஆனால் முதல் நாளிலேயே ஒருவரை நடக்கவும் கை தூக்கவும் முடியாமல் ஆக்குவதில் எந்தத் திறமையும் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கடும் பயிற்சிக்குப் பிறகு தாங்க முடியாத வலியோ வீக்கமோ வந்தால், சிறுநீர் அடர்ந்த பழுப்பு நிறத்தில் போனால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாகப் போனது ஒரு பெண் டிரெய்னரிடம். முதல் நாள் பாதி நேரம் கேள்வியிலேயே போயிற்று. ரத்த அழுத்தம் இருக்கிறதா, நெஞ்சு வலித்ததுண்டா, மயக்கம் வந்ததுண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மூட்டில் வலி, தூக்கம் எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள், மெதுவாக உட்காருங்கள்." அவ்வளவுதான். எட்டு முறை முடிந்தது. தேதி போட்டு, 8 என்று ஒரு நோட்டில் எழுதினார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இதற்கா டிரெய்னர் என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் 8 என்பது 12 ஆயிற்று. பிறகு நாற்காலியை எடுத்துவிட்டு உயரம் குறைந்த ஒரு பெட்டியைப் போட்டார். அப்புறம் அதுவும் போய், கையில் 4 கிலோ டம்பெல்லோடு ஸ்குவாட், அதாவது எதிலும் உட்காராமல் முட்டியை மடக்கித் தாழ்ந்து எழுவது. மூன்றாவது மாத முடிவில் நோட்டைப் புரட்டினால், முதல் பக்கத்தில் இருந்தது நானா என்று இருந்தது. அத்தனைக்கும் எடை குறைந்தது 3 கிலோகூட இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. வெயிட் தூக்க ஆரம்பித்த முதல் சில வாரங்களில் தசை பெரிதாக வளர்ந்துவிடுவதில்லை. இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க மூளையும் நரம்பும் பழகிக்கொள்கின்றன. அதனால்தான் உடம்பின் தோற்றம் மாறுவதற்கு வெகு முன்பே பலம் ஏறுகிறது. எடை மெஷினோ, உப்பும் தண்ணீரும் கூடக் குறையச் சில நாளிலேயே 1, 2 கிலோ மேலும் கீழும் ஆடும். மெஷினை மட்டும் நம்பியிருந்தால் உங்கள் மனமும் அதோடு சேர்ந்து ஆடும். நோட்டில் இருக்கிற எண் ஒரு வாரம் நின்றாலும், மாதக் கணக்கில் பார்த்தால் ஏறித்தான் இருக்கும்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். "என்னால் முடியும்" என்ற எண்ணம் நாலு வழிகளில் வருகிறது: நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் நம் உடம்பும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் மிக வலுவானது முதலாவது, செய்து முடித்த அனுபவம். அதனால் "சூப்பர், சூப்பர்" என்று கைதட்டுகிற டிரெய்னரைவிட, இன்று உங்களால் சற்றே முயன்றால் முடியக்கூடிய ஒன்றைச் சரியாகக் கணித்து முன்னால் வைக்கிற டிரெய்னர்தான் உங்களுக்கு வேண்டும். தைரியம் வந்த பிறகு போகலாம் என்கிறீர்களே, அந்தத் தைரியம் அங்கே போய் எட்டு முறை எழுந்து உட்காரும்போதுதான் உண்டாகிறது.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? தகுதிச் சான்றிதழைக் கேளுங்கள். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின், என்எஸ்சிஏ (NSCA), ஏஸ் (ACE) போன்ற அமெரிக்க அமைப்புகள் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகின்றன. முதலுதவிப் பயிற்சி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆனால் சான்றிதழைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, முதல் சந்திப்பில் அவர் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்கிறார் என்பது. ஒன்றும் கேட்காமல் வேலையைத் தொடங்குகிறவரிடம் தொடர வேண்டாம். ஒரே மாதத்தில் வயிற்றை மட்டும் குறைத்துத் தருகிறேன் என்பவரிடமும் வேண்டாம். ஓர் இடத்துக்குப் பயிற்சி கொடுத்து அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. பவுடர், மாத்திரை விற்க ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்கு இரண்டு பிரசவம் ஆகியிருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் வயிற்றின் நடுவே விலகும் தசைகள் சிலருக்குப் பல வருடம் கழித்தும் முழுதாகச் சேர்ந்திருக்காது. அதைப் பார்க்காமல் சிட்-அப் போடச் சொன்னால் சிரமம் கூடலாம். குதிக்கும்போதோ இருமும்போதோ சிறுநீர் கசிந்தால் அதையும் மறைக்காதீர்கள். எத்தனையோ பெண்களுக்கு இது இருக்கிறது. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கென்றே பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகள் உண்டு, பலருக்கு நன்றாகவே குணம் தெரிகிறது. அதைக் கேட்டு முகம் சுளிக்கிற டிரெய்னர் உங்களுக்கானவர் இல்லை.

கூச்சத்தைப் பற்றியும் முதல் நாளே பேசிவிடுங்கள். கூட்டமில்லாத நேரம் வேண்டும் என்று கேட்கலாம். தொட்டுத் திருத்துவது பிடிக்காவிட்டால், "வாயால் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள்" என்று சொல்லலாம். எடை பார்க்க வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. பெண் டிரெய்னர்தான் வேண்டும் என்றால் அதையும் தயங்காமல் கேளுங்கள்.

தினமும் டிரெய்னர் தேவையில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. அந்த இரண்டு நாளை டிரெய்னரோடு வைத்துக்கொண்டு, மற்ற நாளில் நடக்கலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். செலவு தாங்காது என்றால் இரண்டு மூன்று மாதம் நன்றாகக் கற்றுக்கொண்டு, பிறகு மாதம் ஒரு முறை போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். தனியாகவும் செய்யத் தெரியும்படி சொல்லிக்கொடுக்கிறவர்தான் நல்ல டிரெய்னர் என்பது என் அழுத்தமான கருத்து. ஏன் இந்தப் பயிற்சி, எப்போது வெயிட் கூட்டலாம், எந்த வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

"இரண்டே நாள்தான்" என்று தோல்விக் கணக்கு எழுதாதீர்கள். எதுவும் பழக்கமாக ஊற நாளாகும். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் இயல்பான பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்றுகூடக் கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவும் இல்லை.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றீர்கள். டிரெய்னரிடம் போகும் முன் டாக்டரிடம் ஒரு முறை காட்டி, ரத்த அழுத்தம், ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ சேர்ந்து வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். எல்லாம் சரி என்று டாக்டர் சொன்ன அன்றே, வீட்டில் உறுதியான ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எத்தனை முறை நிதானமாக எழுந்து உட்கார முடிகிறது என்று பாருங்கள். மூன்றோ நாலோ, எவ்வளவு என்றாலும் சரி. அதை ஒரு நோட்டின் முதல் வரியில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். டிரெய்னரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.